ஆண் யானைக் கூட்டத்தில் காயம்பட்டதைப் பின்தொடர்வது: இலங்கையின் கந்தளாய், சேருவில பக்கத்தவர்களுக்கு

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் குளங்கள் வற்றி, அடித்தரையில் இளம்புல் முளைத்ததும் ஆண் யானைகள் மூன்று நான்காகச் சேர்ந்து இறங்கும். ஊரில் 'தனியன்' என்று பெயரெடுத்ததற்கும் பெரும்பாலும் கூட்டாளிகள் உண்டு. ஆனால் அது கட்டுறுதியான கூட்டமல்ல. இன்றைக்கு நாலு நிற்கும், நாளைக்கு இரண்டுதான். மதம் பிடித்தது தானாகவே பிரிந்து போய்விடும். ஆகவே ஒன்று குறைந்தவுடன் அதற்குக் காயம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

சிங்கமென்றால், நொண்டும் ஆண் தன் கூட்டாளிகள் வீழ்த்திய இரையில் பங்கு தின்று பிழைக்கலாம். யானைக்கு அந்த வசதி இல்லை. தன் புல்லைத் தானே பிடுங்க வேண்டும், தண்ணீருக்குத் தானே நடக்க வேண்டும். நடை தளர்ந்தால் பின்தங்கும். பின்தங்கினால் தண்ணீரை விட்டு அகலாது. முதலில் கூட்டத்தைப் பாருங்கள். அதற்குள் அது இல்லையென்றால் அருகிலுள்ள குளம், மடு, வாய்க்கால் ஓரங்களைப் பாருங்கள்.

யானைகளைப் பிரித்தறியாமல் பின்தொடர்வதில் பயனில்லை. கொம்பு இங்கே அதிகம் உதவாது. நம் ஆண் யானைகளில் பெரும்பாலானவை கொம்பில்லாத அலியன்கள். காது மடலின் கிழிசல், துளை, மேல்விளிம்பு மடிந்திருக்கும் விதம், வெளிறிய புள்ளிகள், வாலின் நீளம், வால் மயிர் இருபக்கமும் உண்டா ஒருபக்கம் மட்டுமா என்பவற்றைக் குறியுங்கள். ஒவ்வொன்றையும் இடம், வலம், பின்புறம் என மூன்று படமாவது எடுங்கள். சேறு பூசிய யானையின் நிறத்தை நம்பவே கூடாது. குளித்து எழுந்தால் வேறு யானை போலிருக்கும்.

காலடியில் முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தைச் சுற்றிச் சணல் கயிறு வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வரும்: 140 சென்ரிமீற்றர் என்றால் சுமார் 2.8 மீற்றர். ஈரச்சேற்றில் தடம் அகன்றுவிடும், இறுகிய மணலில் அளவெடுங்கள். நொண்டும் காலை மூன்று அடையாளம் காட்டும்: அந்தத் தடம் மற்றவற்றைவிட ஆழம் குறைந்திருக்கும், அடியின் நீளம் ஒழுங்கற்றிருக்கும், நகம் இழுபட்ட கோடு தெரியும். பத்துப் பதினைந்து அடிகளாவது தொடர்ந்து பார்த்த பிறகே சொல்லுங்கள். வரப்பில் ஏறும்போது நல்ல யானையும் காலை இழுக்கும்.

காயத்தின் இடத்திலிருந்து காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். கட்டுத்துவக்கு (பொறியாகக் கட்டிவைக்கும் துப்பாக்கி) வெடித்தால் பெரும்பாலும் காலில்; சுருக்குக் கம்பி காலையோ தும்பிக்கையையோ இறுக்கும். மோசமானது ஹக்கபட்டாஸ். காட்டுப்பன்றிக்கென்று பூசணி, வெள்ளரியில் மறைத்துவைக்கும் இந்த வெடியைக் கடித்தால் தாடையும் நாக்கும் சிதையும். வெளியே பெரிய இரத்தமே தெரியாது. தண்ணீர் வாயிலிருந்து திரும்ப ஒழுகுவது, எச்சில் நூலாகத் தொங்குவது, புல்லைப் பிடுங்கித் தின்னாமல் கீழே விடுவது, ஒரே தண்ணீரில் மணிக்கணக்காய் நிற்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். கால்கள் நாலும் நன்றாக இருக்கின்றன என்று இத்தகைய யானையை விட்டுவிடுகிறார்கள்; அது பட்டினியால் சாகும்.

இனி, பலர் தவறுகிற இடம். கூட்டம் போன தடத்திலேயே நடந்து போகாதீர்கள். காயம்பட்டது பின்னால்தான் வரும். முன்னே மூன்று யானையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் நிற்கும்போது நாலாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் பற்றைக்குள் நிற்கலாம். எண்ணிக்கை சரியாகும்வரை நகராதீர்கள். குளக்கட்டு, வாகனம், காவல் பரண் ஆகியவற்றிலிருந்து பாருங்கள், 100 மீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள்.

காற்று யானையிலிருந்து உங்கள் பக்கம் வரவேண்டும். கச்சான் தென்மேற்கிலிருந்து வீசுவதால் அக்காலத்தில் யானைக்கு வடகிழக்கே நில்லுங்கள், வாடையில் தலைகீழ். ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்த்தால் போதும். பற்றைக்குள்ளும் கட்டோரத்திலும் காற்று சுழலும், கால் மணிக்கொரு தடவை மறுபடி தூவுங்கள். தலையை உயர்த்தி, காதை விரித்து, அசையாமல் உங்களையே பார்த்தால் அப்போதே பின்வாங்க வேண்டும். கன்னத்தில் மதநீர் ஒழுகும் யானை கூட்டத்தருகே வந்திருந்தால் அன்றைய வேலையை விடுங்கள்.

யானை வெடி கொளுத்தி விரட்டாதீர்கள். ஓடினால் காயம் கிழியும், இருக்கிற கொஞ்ச பலமும் போகும், பயத்தில் வயலுக்குள்ளேயே பாயவும் கூடும். வாழைக்குலை, பூசணி வீசுவதும் வேண்டாம். மருந்தை உணவில் வைத்துக் கொடுக்கும் கைவைத்தியமும் வேண்டாம்.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள். 'யானைக்குக் காயம்' என்று மட்டும் சொன்னால் ஒரு நாள் வீணாகும். நேரம், கைபேசி காட்டும் இட எண்கள், கிராம சேவையாளர் பிரிவு, வாகனம் எந்தப் பாதையால் எவ்வளவு தூரம் வரலாம், எந்தக் கால், தின்கிறதா, குடிக்கிறதா, கூட எத்தனை யானை என்பவை வேண்டும். இடது வலது என்றால் யானையின் இடது வலது. எதிரே நின்று பார்ப்பவர்கள் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். பக்கவாட்டில் அரை நிமிட நடை வீடியோ பத்துப் படத்துக்குச் சமம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், ஆவணமாக அனுப்புங்கள்.

இன்னொன்றும் சேருங்கள்: அது எத்தனை மணிக்குத் தண்ணீரைவிட்டு உறுதியான தரைக்கு வருகிறது. தண்ணீரிலோ கரையிலோ நிற்கும் யானைக்கு மயக்க ஊசி சுட முடியாது, விழுந்து மூழ்கிவிடும். இருட்டினாலும் சிகிச்சை நடக்காது. இரண்டு மூன்று நாள் காலையில் அது மேடேறும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் வைத்தியர் வரும்போது அதுதான் பெரிய உதவி. அவர்கள் வந்ததும் கூட்டம் சேர்க்காதீர்கள், படத்தை இடத்தோடு முகநூலில் போடாதீர்கள்.

சிகிச்சை முடிந்தபின் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து பாருங்கள். காலை ஊன்றுகிறதா, லத்தி புதிதாக விழுகிறதா, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்துவது கூடுகிறதா குறைகிறதா என்று எழுதிவையுங்கள். ஒரு வாரமாகியும் அதே கரையில் நின்றால் மறுபடி 1992.