தாத்தாவின் பழைய வாட்சும் அதன் செயினும்: வீட்டில் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டக் குடும்பங்களின் பீரோவைத் துழாவினால் ஒரு ஓமேகாவோ டைட்டோனியோ ராடோவோ அகப்படும், அரிதாக ஒரு ரோலெக்ஸும். பெரும்பாலும் கிராணியாக (தோட்டத்து எழுத்தராக) இருந்த தாத்தா கட்டியது. அதை எடுத்துத் தினமும் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயினில் தாராளமாகக் கை வையுங்கள், பின்மூடியைத் திறக்காதீர்கள். வீடியோ பார்த்துவிட்டுத் திறப்பவர்களால்தான் ரிப்பேர்காரர்களுக்குப் பாதி வருமானம். இன்னொரு காரணமும் உண்டு: 1960களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிர்ந்த டயல்கள் பலவற்றில் ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போய்விடவில்லை, ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் பிடிக்கும். மூடியிருக்கும் வரை பயமில்லை. திறந்து, பூச்சு உதிர்ந்து, அந்தத் தூள் மூக்கில் போவதுதான் ஆபத்து.

என்னென்ன வேண்டும்

ஸ்பிரிங் பார், அதாவது செயினை வாட்சோடு பிடித்து வைக்கும் சின்னக் கம்பி, அதைக் கழற்றும் கருவி (ஒரு முனை கவைபோல, மறுமுனை ஊசிபோல இருக்கும்), மாஸ்கிங் டேப், மிருதுவான பல் துலக்கி, பல்குத்தி, பாத்திரம் கழுவும் சோப்பு, கண்ணைக் கூசாத நல்ல வெளிச்சம். அப்புறம் ஒரு வெளிர் நிறத் துண்டு, அதை மேசையில் விரித்து அதன்மேல்தான் வேலை. வெறும் மேசையில் தெறிக்கும் ஸ்பிரிங் பார் அலமாரிக்கு அடியில் போய்விடும், அப்புறம் வாரக்கணக்கில் தேட வேண்டியதுதான்.

செயினைக் கழற்றுவது

வாட்சைக் கவிழ்த்து, செயின் சேரும் காதுகளின் மேல் டேப் ஒட்டுங்கள், கருவி வழுக்கினால் கீறல் டேப்போடு போய்விடும். செயினின் கடைசித் துண்டுக்கும் காதுக்கும் நடுவே கவை முனையை நுழைத்தால் ஸ்பிரிங் பாரின் சிறிய விளிம்பு தட்டுப்படும். அதை உள்பக்கமாக அழுத்தியபடி செயினை மெல்லத் தூக்குங்கள், மறுகை விரலால் அந்த இடத்தை மூடிக்கொண்டு. சில பழைய வாட்சுகளில் காதின் வெளிப்பக்கமே ஓட்டை இருக்கும், அதற்கு ஊசி முனை போதும். வராவிட்டால் பலம் காட்டாதீர்கள், வியர்வை உப்பு இறுகியிருக்கும். ஒரு துளி மெல்லிய எண்ணெயைக் காதில் மட்டும் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள்.

கழற்றிய ஸ்பிரிங் பாரைத் திரும்பப் போடாதீர்கள். காதுகளுக்கு நடுவே உள்ள அகலத்தை அளந்து (18, 19, 20 மில்லிமீட்டர் என்று வரும்) அதே அளவில் புதிது வாங்குங்கள். சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும் அந்தச் சின்னக் கம்பிதான் பல ஆயிரம் வெள்ளி வாட்சைக் கையில் பிடித்து வைத்திருக்கிறது.

கழுவுவது

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு, அதில் செயினை மட்டும் ஒரு அரை மணி ஊற விடுங்கள். வாட்சை அல்ல! டயலில் தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அது கடையில் வாங்கிய நாளின் கதை, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வருடங்கள் போகப் போகக் காய்ந்து இறுகிவிடும். ஊறியதும் செயினை வளைத்து, துண்டுகளுக்கு இடையே துலக்கியால் தேயுங்கள். முதல் தண்ணீர் கோப்பி ஓ நிறத்தில்தான் வரும். கொக்கியின் உள்மடிப்பில் பல்குத்தியைவிட்டுச் சுரண்டிப் பாருங்கள், பச்சையும் கறுப்புமாகப் பிசுக்கு சுருண்டு வரும்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்றுதானே நினைக்கிறோம்? அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம்தான் காவல், அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ளக் காற்று வேண்டும். அழுக்கு அடைத்த இடுக்கில் காற்று போகாது, நம் ஊர் வெயிலில் வியர்வை உப்பு மட்டும் போய்த் தங்கும், அங்கேதான் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதனால் மாதம் ஒருமுறை கழுவினாலே நல்லது. பால்மர வேலையில் ரப்பரை உறைய வைக்கும் ஆசிட்டைத் தொடுகிறவர்கள் வேலைக்கு இந்த வாட்சைக் கட்டவே வேண்டாம்.

நன்றாக அலசி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள். மாட்டும்போது இரு பக்கமும் 'டிக்' என்று உட்கார்ந்ததா என்று செயினை இழுத்துப் பாருங்கள்.

தொய்வு

வாட்சைப் பக்கவாட்டில் பிடித்தால் செயின் வில்லாக வளைந்து தொங்குகிறதா? இடுக்கில் போன மணலும் தூசியும், துண்டுகளைக் கோத்திருக்கும் ஊசியையும் அதன் ஓட்டையையும் தேய்த்துவிட்டதென்று அர்த்தம். 1945இல் டேட்ஜஸ்ட் வாட்சோடு வந்த ரோலெக்ஸ் ஜூபிலி செயினில் வரிசைக்கு ஐந்து சிறு துண்டுகள் என்பதால் இது சீக்கிரமே தெரியும். குறட்டால் துண்டுகளை நசுக்கி இறுக்குவார்கள் சிலர், என் கணக்கில் அது கொலை. தேய்ந்த இடத்துக்குப் புது உலோகம் வைத்துத் தருகிற செயின் நிபுணரிடம் கொடுங்கள், இல்லையென்றால் அப்படியே கட்டுங்கள். மாற்றுச் செயின் போட்டாலும் பழையதை எறியாதீர்கள், விற்கும்போது அசல் செயினுக்குத் தனி விலை.

நீளம் குறைக்க வேண்டுமா? செயினின் உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் ஊசியை அந்தத் திசையில் தள்ளி எடுங்கள். திரும்பச் செருகுவது எதிர்த்திசையில், பிளவு உள்ள முனை கடைசியாக உள்ளே போக வேண்டும். திருகாணி உள்ள செயின் என்றால் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் தொடாதீர்கள்.

கண்ணாடி, மெஷின்

நகத்தால் தட்டினால் மந்தமாக ஒலிப்பது பிளாஸ்டிக் கண்ணாடி. அதன் சில்லறைக் கீறல்களைப் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் பசையால் துணி வைத்துத் தேய்த்தே போக்கலாம். சஃபையர் கண்ணாடியை அப்படித் தேய்த்துப் பயனில்லை.

பழைய வாட்ச் நாளுக்கு 15, 20 விநாடி முன்பின் ஓடினால் கவலை வேண்டாம். திடீரென்று நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு, கைப்பேசி உறையிலும் கைப்பையிலும் இருக்கும் காந்தமே போதும். திசைகாட்டி அருகே வாட்சைக் கொண்டுபோங்கள், முள் ஆடினால் கடையில் காந்தத்தை எடுத்துத் தருவார்கள், ஐந்து நிமிட வேலை. ராத்திரி 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை தேதியைத் திருப்பாதீர்கள், அந்நேரம் தேதிப் பற்சக்கரம் பிடித்திருக்கும், பல் உடையும்.

கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அரிசியில் புதைப்பதெல்லாம் வீண், உள்ளே எஃகுத் துண்டுகள் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. அன்றோ மறுநாளோ ஈப்போவுக்கு எடுத்துப் போங்கள். அங்கே கடைவீதி ஐந்தடியில் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் சீன அங்கிளிடம் முதலிலேயே "ஜாஙான் போலிஷ், அங்கிள்" (பாலிஷ் போடாதீர்கள்) என்று சொல்லிவிடுங்கள். பளபளப்புக்காகத் தேய்த்தால் காதுகளின் கூர்மை போகும், விலையும் போகும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், ரப்பர் வளையத்தை மாற்றி அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அதில் பாஸானாலும் குளிக்கப் போகுமுன் கழற்றி வைத்துவிடுங்கள்.