வளர்ந்த தெருப்பூனைக்கு வீடு தேடுறீங்களா? இந்தத் தப்புகள பண்ணாதீங்க

போன மாசம் ஒரு பொண்ணு ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி அழறா. "அக்கா, சாயங்காலம்தான் பூனைய வளர்க்கறேன்னு கேட்டவங்க வீட்ல விட்டுட்டு வந்தேன், இப்ப காணோம்ங்கறாங்க." கேரியர, அதான் பூனைய வெச்சு கொண்டுபோற மூடின கூடைய, எங்க வெச்சு திறந்தாங்கன்னு கேட்டேன். ஹால்லன்னு சொன்னா. மிச்சத்த அவ சொல்லவே வேண்டாம், எனக்கே தெரியும், ஏன்னா 7 வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே மாதிரி ஒரு பூனைய தொலைச்சவதான். தெருப்பூனைக்கு வீடு தேடிக் குடுக்கற வேலைக்கு புதுசா வர்றவங்க ஒவ்வொருத்தரும் இதே குழில விழறத பாத்துப் பாத்து மனசு கேக்காமதான் எழுதுறேன். அன்பா பாத்துக்கணும், பட்டினி போடக்கூடாதுங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள நான் போகல.

தெருப்பூனைதானான்னு பாக்காம இருக்கறது

வளர்ந்த பூனை ஒண்ணு தானா வந்து கால்ல உரசுதுன்னா அது ஏற்கனவே மனுஷங்களோட பழகின பூனை. யாராவது விட்டுட்டுப் போயிருக்கலாம், இல்ல யாரோ ஒருத்தர் இன்னும் தேடிட்டு இருக்கலாம். வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட கூட்டிட்டுப் போய் மைக்ரோசிப், அதான் சொந்தக்காரர கண்டுபிடிக்க தோலுக்கு அடில வெக்கற சின்ன சிப், இருக்கான்னு ஸ்கேன் பண்ணுங்க. ஒரு காதோட நுனி நேரா வெட்டின மாதிரி இருந்தா ஏற்கனவே கருத்தடை ஆனதுன்னு அர்த்தம், மறுபடியும் வயித்த கிழிச்சுப் பாக்க வெச்சுடாதீங்க. இன்னொன்னு நான் எப்பவும் பண்றது: ஒரு பேப்பர் துண்டுல "இது உங்க பூனையா?"ன்னு எழுதி நம்பர் போட்டு கழுத்துல லூசா சுத்தி ஒட்டி விட்டுருவேன். பேப்பர்ங்கறதால எங்க மாட்டினாலும் கிழிஞ்சுரும், பூனைக்கு ஆபத்தில்ல. ரெண்டு தடவ எனக்கு போன் வந்துருக்கு, ஒரு தடவ எதிர் வீட்ல இருந்தே.

எல்லாப் பூனையும் வீட்டுக்குள்ள வாழும்னு நெனைக்கறது

குட்டி பொறந்து 2 வாரத்துல இருந்து 7 வாரத்துக்குள்ளதான் மனுஷங்கள பயமில்லாம ஏத்துக்கப் பழகும். அந்த நேரத்துல மனுஷ வாசமே படாம வளர்ந்த பூனைக்கு நாலு சுவர் சிறைதான். அதுக்கு கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, இருந்த எடத்துலயே விட்டு சாப்பாடு வெக்கறதுதான் நியாயம். ஆனா கூண்டுல இருக்கறப்ப சீறுதுன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, பயந்துபோன வீட்டுப்பூனையும் அப்படியேதான் சீறும். ஒரு வாரம் அமைதியான எடம் குடுங்க. வால தூக்கிட்டு வருதா, நீங்க இருக்கறப்பவே சாப்பிடுதா, கண்ண மெதுவா மூடித் திறக்குதான்னு பாருங்க.

கருத்தடை பண்ணாம குடுக்கறது

"நாங்க பண்ணிக்கறோம்"பாங்க. பண்ண மாட்டாங்க. நீங்களே பண்ணிட்டுக் குடுங்க.

ஹால்ல வெச்சு கேரியர திறக்கறது

இதத்தான் நான் நிறுத்தி நிதானமா சொல்லணும்.

7 வருஷத்துக்கு முன்னாடி நான் தொலைச்சது ஒரு சாம்பல் கலர் கடுவன் (ஆண் பூனை). சண்டை போட்டுப் போட்டு இடது காது கிழிஞ்சு, கடுவனுக்கே உரிய மாதிரி தாடை ரெண்டு பக்கமும் உப்பிப்போயிருக்கும். என்கிட்ட 2 மாசம் இருந்தான், நல்லா தேறி 4.8 கிலோ வந்துட்டான். ஒரு குடும்பம் ஆசையா கேட்டாங்க, நல்லவங்கதான், அதுல சந்தேகமே இல்ல. கொண்டுபோனேன். வீடே சுத்தி நின்னுச்சு, குழந்தைங்க கை தட்டுனாங்க, நடு ஹால்ல கேரியர திறந்தேன். அவன் வயித்த தரையோட ஒட்டிட்டு சோபாவுக்கு அடில பூந்தான். "பழகிரும், விடுங்க"ன்னு சொல்லிட்டு போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியா போயிட்டான், ஃபேன் ரிப்பேர்னு கழட்டி வெச்சுருந்தாங்களாம்.

11 ராத்திரி தேடுனேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு கூப்பிட்டு தொண்டை கட்டிப்போச்சு, ஒரு சத்தம் வரல. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, பழக்கமில்லாத எடத்துல மாட்டின பூனை ஓடாது, ஒளியும். வளர்த்தவங்களே கூப்பிட்டாலும் வாய் திறக்காது, ஏன்னா சத்தம் போட்டா மாட்டிப்போம்னு அதுக்கு பயம். பெரும்பாலும் 500 மீட்டருக்குள்ளயே கெடைச்சுரும், பல தடவ ரெண்டு வீடு தள்ளிதான் இருக்கும். ஊர் பூரா போஸ்டர் ஒட்டிட்டு பக்கத்து வீட்டு படிக்கட்டுக்கு அடில குனிஞ்சு பாக்காம விட்டுருவோம். நான் கண்டுபிடிச்சதும் அப்படித்தான், விடியக்காலை 2 மணிக்கு டார்ச்ச என் கண் மட்டத்துல புடிச்சு ஒவ்வொரு இடுக்கா பாத்துட்டு வந்தப்ப, மூணாவது வீட்டு பின்பக்கம் உடைஞ்ச தொட்டிக்குப் பின்னாடி ரெண்டு பச்சப் புள்ளி. மீசையெல்லாம் ஒட்டடை. எடை போட்டா 3.9 கிலோ. அந்த வீட்டுக்காரங்க "ஓடிப்போற பூனை எங்களுக்கு வேண்டாம்"னுட்டாங்க.

இன்னிக்கும் இத நெனைச்சா எரிச்சலா வரும். அந்த வீட்ல எனக்கு அரை மணி நேரம் இருந்துச்சு, ரெண்டு நிமிஷம் பேசிருந்தா போதும்.

என்ன பேசணும்னா: ஒரே ஒரு சின்ன ரூம், பாத்ரூம்கூட போதும். ஜன்னல், ஃபேன் ஓட்டை, கட்டிலுக்கு அடில கை எட்டாத சந்து எல்லாத்தையும் முன்னாடியே அடைச்சுடணும். ஒரு மூலைல லிட்டர் ட்ரே (பூனை கக்கூஸ் போற மண் தட்டு), எதிர் மூலைல சாப்பாடு தண்ணி, நடுவுல பூந்து உக்கார ஒரு அட்டப்பெட்டி. பூனைக்கு தன் வாசம் இருக்கற எடம்தான் வீடு, அதனால இங்க அது படுத்த துணிய துவைக்காம அப்படியே குடுத்து விடுங்க. கதவ சாத்தினப்புறம்தான் கேரியர திறக்கணும், அதுவும் திறந்து வெச்சுட்டு ஒதுங்கிடணும், உள்ள கைவிட்டு இழுக்கக் கூடாது. அப்புறம் ஒருத்தர் மட்டும் போய் தரைல உக்காந்து போன் பாத்துட்டு இருக்கணும், பூனையப் பாக்கக் கூடாது. பூனை வெச்சுருக்கவங்க 3 நாள், 3 வாரம், 3 மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க: பயம் கொஞ்சம் தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் புரிய 3 வாரம், இது என் வீடுன்னு நம்ப 3 மாசம். ஏற்கனவே ஒரு பூனை இருந்தா மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் துணிய மாத்தி மாத்திப் போட்டு வாசத்துலயே மொதல்ல பழக்குங்க, நேர்ல காட்ட அவசரமே வேண்டாம்.

ஒளிஞ்சிருக்கறது பரவால்ல, சாப்பிடாம இருக்கறதுதான் ஆபத்து. ஒரு நாள் முழுக்க வாய வெக்கலன்னா வெட்டுக்கு போன் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தாலே பூனைக்கு கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிரலாம், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

கைல தூக்கிட்டுப் போறது

கூடாது. எவ்ளோ சாதுவா இருந்தாலும் கூடாது.

போட்டோவுக்குக் கீழ பொய் எழுதறது

"எல்லாரோடயும் பழகும், ரொம்ப சாது"ன்னு போட்டாதான் யாராவது எடுப்பாங்கன்னு பயம், புரியுது. ஆனா தூக்கினா கடிக்கும்னா கடிக்கும்னே எழுதுங்க. தூக்கவே மாட்டேன், பக்கத்துல உக்காந்தா போதும்ங்கற ஆள் நிச்சயம் இருக்காங்க, அவங்க கண்ணுல அது படணும். மறைச்சுக் குடுத்தா ஒரு மாசத்துல திரும்பி வரும், வர்றப்ப முன்னவிட பயந்துபோய் வரும். வயச குறைச்சும் போடாதீங்க. வளர்ந்த பூனையோட பெரிய பலமே அதோட குணம் இன்னதுன்னு இப்பவே தெரியறதுதான், குட்டில அது தெரியாது.

ரத்தம் பாக்காம இன்னொரு பூனை இருக்கற வீட்டுக்கு அனுப்பறது

எஃப்ஐவி (பூனையோட எதிர்ப்பு சக்திய குறைக்கற வைரஸ்), எஃப்இஎல்வி (பூனைக்கு ரத்தப்புற்று வரவைக்கற வைரஸ்) ரெண்டுக்கும் டெஸ்ட் எடுங்க. எஃப்ஐவி முக்கியமா ஆழமான கடில பரவும், சண்டை போடாத வீட்ல பல வருஷம் நல்லாவே வாழும். எஃப்இஎல்வி எச்சில்லயே பரவும், ஒரே கிண்ணத்துல சாப்பிடறது, ஒண்ண ஒண்ணு நக்கறதுலகூட, அதுல சமரசமே கிடையாது. சமீபத்துல ஒட்டிருந்தா மொத டெஸ்ட்ல காட்டாம போகலாம், எஃப்இஎல்விக்கு ஒரு மாசத்துக்கு மேல கழிச்சும், எஃப்ஐவிக்கு ரெண்டு மாசத்துக்கு மேல கழிச்சும் திரும்ப எடுக்கணும். அதுவரைக்கும் உங்ககிட்டயே தனியா இருக்கட்டும்.

குடுத்துட்டு மறந்துடறது

"ஒத்துவரலன்னா என்கிட்டயே திருப்பிக் குடுங்க, எப்ப வேணாலும்"னு குடுக்கறப்பவே சொல்லி வெச்சுடுங்க. சொல்லாததாலதான் நெறைய பேர் வெக்கப்பட்டுட்டு மறுபடி தெருவுலயே விட்டுடறாங்க.

அந்தப் பொண்ணோட பூனை நாலாவது ராத்திரி அதே பில்டிங் பைக் ஸ்டாண்டுல, போர்வை மூடின ஒரு பழைய வண்டிக்கு அடில கெடைச்சுது. இந்தத் தடவ நேரா அவங்க பாத்ரூமுக்குப் போச்சு. நேத்து ஒரு வீடியோ அனுப்பிருந்தா: அட்டப்பெட்டிக்குள்ள இருந்து தலைய மட்டும் நீட்டி, கதவோரம் உக்காந்துருக்கற அந்த வீட்டம்மாவ ஒரு கண்ணால பாத்துட்டே சாப்பிடுது.