விலாக் குருத்தெலும்பில் அமைத்த புதுக் காதைப் பார்த்துக்கொள்வது எப்படி?

மைக்ரோஷியாவுக்காக (பிறவியிலேயே வெளிக்காது சிறுத்தோ உருவாகாமலோ இருப்பது) விலாக் குருத்தெலும்பைச் செதுக்கி அமைத்த காதின் மேல்தோல் மிக மெல்லியது. அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் கருகும், குருத்தெலும்பு வெளியே தெரியும். ஆகவே முதல் 4 முதல் 6 வாரம் மல்லாந்தோ மறுபக்கமோதான் படுக்க வேண்டும். தூக்கத்தில் புரளும் பிள்ளைக்கு நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை நல்லது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையே போடுங்கள்; தலைவழி மாட்டும் பனியன் காதில் சிக்கும்.

மாதக்கணக்கில் உணர்ச்சி மந்தமாக இருக்கும், ஹேர் டிரையர் சுட்டாலும் தெரியாது.

தோல் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, சீழ் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தச் சிகிச்சையால் கேட்கும் திறன் அதிகரிக்காது. காதுத் துவாரம் மூடியிருந்தால் ஒலியை மண்டை எலும்பு வழியாக உள்காதுக்கு அனுப்பும் எலும்புவழிக் கேட்புக் கருவி பற்றித் தனியாகக் கேளுங்கள். வகுப்பில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கட்டும்.