வீதி பூட்டிச் சைக்கிளோட்டம்: அடுத்த வருடமும் நடக்க வேண்டுமென்றால்

"இந்த முறை ஓட்டம் இருக்கோ அண்ணை?" போன கிழமை சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்ற பொடியன் கேட்டான். சரியான பதில் என்னிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வீதி பூட்டிச் சைக்கிளோட்டம் இரண்டு முறை நடத்தினோம், மூன்றாவது அந்தரத்தில் தொங்குகிறது. ஆனால் ஏன் தொங்குகிறது என்று இப்போது விளங்கும். வேறு ஊர்களில் இதே ஆசையோடு திரிகிறவர்கள் நாங்கள் விட்ட பிழையை விடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து மனம் உடைய வேண்டாம். லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம் ரைட்லண்டன் தொடங்கினார்கள், 100 மைல், ஆயிரக்கணக்கான சனம், வீதி முழுக்கச் சைக்கிளுக்கு. 2019 வரை சரே மலைப் பக்கம் போனது. பிறகு அங்கே இனி வேண்டாம் என்றாகி, கொரோனாவும் முடிந்து, 2022 இல் எசெக்ஸ் பக்கம் மாற்றினார்கள். 2024 இல் ஓடினார்கள், 2025 இல் இல்லை. காசும் அனுபவமும் உள்ள அவர்களுக்கே இந்த நிலைமை. ஸ்கொட்லாந்தில் 2009 இல் எட்டாப் கலிடோனியா ஓட்டத்தில் யாரோ வீதியில் சின்ன ஆணிகளைக் கொட்டிவிட, நூற்றுக்கணக்கான ரயர்கள் காற்றுப் போயின. எங்களூர் உடைமுள்ளாவது தானாக விழுவது!

ஓட வந்தவர்களால் இந்த ஓட்டங்கள் நிற்பதில்லை. படலையைத் திறந்து வெளியே வர முடியாமல் நிற்கிறவர்தான் நிற்பாட்டுவார். ஆகவே வேலையை அவரிடமிருந்து தொடங்குங்கள். பனியனுக்கு என்ன நிறம், பதக்கம் யார் அடிக்கிறது எல்லாம் பிறகு.

வீதியைத் தெரிவு செய்வதில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். பண்ணைப் பாலத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மேடு பள்ளம் இல்லை, இரண்டு பக்கமும் கடல், விடியற்காலையில் படம் எடுத்தால் அப்படி வரும். ஆனால் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவுச் சனத்துக்கு யாழ்ப்பாணம் வர இருக்கிற வீதி அது ஒன்றுதான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர் குறிகாட்டுவானில் படகு பிடிப்பதும் அந்த வீதியால் போய்த்தான். பஸ் பிந்தினால் படகு போய்விடும்.

அங்கே ஓட்டம் நடந்த அன்றைக்கு என் முன்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு நின்றார். பின்னால் ரெஜிபோம் பெட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது, மூலையால் ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாய்த் தாரில் விழுந்து ஒரு கோடாய் ஓடியது. நாற்பது நிமிடம் நின்றார். சத்தம் போடவில்லை. "தம்பி, உங்கட சைக்கிள் நாளைக்கும் ஓடும், என்ர மீன் ஓடாது" என்றார், அவ்வளவுதான். எனக்கு அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் வீதிக்கு ஒரே ஒரு சோதனைதான்: இதைப் பூட்டினால் சுற்றிப் போக வேறு வழி இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு அழகான வீதியானாலும் விடுங்கள். இந்த முறை நாங்கள் கேட்டிருப்பது பருத்தித்துறை வீதியில் இருக்கிற வல்லை வெளிப் பக்கம். வீடுகள் குறைவு, பருத்தித்துறைக்குப் போகிறவர் அச்சுவேலி, தொண்டைமானாறு வழியாய்ச் சுற்றிப் போகலாம். காற்று அடிக்கும், அது ஓடுகிறவனின் பாடு. வட்டமாய் ஒரு பாதை போட்டால் வரைபடத்தில் வடிவாய்த்தான் இருக்கும், ஆனால் வட்டத்துக்குள் இருக்கிற ஊர் முழுக்க அடைபட்டுவிடும். மானிப்பாய் வீதியால் போய்க் காங்கேசன்துறை வீதியால் திரும்பலாம் என்று ஒருவர் எங்களுக்கும் சொன்னார். அப்படிப் போட்டால் சுன்னாகம் சந்தைக்கு விடிய மரக்கறி கொண்டு வருகிறவர் என்ன செய்வார், தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்ன செய்வார்? போதாததற்கு ரயில் கடவைகள் வேறு. கடவைக்குள் போய் நின்றால் யாழ்தேவி உங்களுக்காக நிற்காது.

அடுத்தது நேரம், இதைக் கொஞ்சம் கவனமாய்ப் பாருங்கள். "காலை 5 முதல் 10 வரை வீதி பூட்டு" என்று போஸ்டர் ஒட்டுவதுதான் சனத்தைக் கிளப்புகிறது. அவ்வளவு நேரம் எந்த இடத்தையும் பூட்டத் தேவையில்லை. முன்னுக்குப் போகிறவர் மணிக்கு 30 கிலோமீற்றர், கடைசியாய் வருகிறவர் 15 என்று வையுங்கள். 5.45 க்குத் தொடங்கினால் 20 ஆவது கிலோமீற்றரில் முதல் ஆள் 6.25 க்கு, கடைசி ஆள் 7.05 க்கு. அந்தச் சந்தியைப் பூட்ட வேண்டியது 40 நிமிடம். 40 ஆவது கிலோமீற்றரில் 7.05 இலிருந்து 8.25 வரை, 80 நிமிடம். தொடங்குகிற இடத்தில் பத்து நிமிடம் கூடத் தேவையில்லை. ஆகவே சந்திக்குச் சந்தி வேறு நேரம் எழுதி, அந்தந்தச் சந்தியில் அந்த நேரத்தை மட்டும் ஒட்டுங்கள். முன் வண்டி வரப் பூட்டு, பின் வண்டி போகத் திற. பின் வண்டிக்கு லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் நல்லது, வேகமும் சரி, களைத்தவரையும் சைக்கிளையும் பெட்டியில் ஏற்றலாம். அதற்குப் பின்னால் நின்று வீம்புக்கு ஓடுகிறவருக்கு வீதி திறந்தாயிற்று என்று முதலே சொல்லி வையுங்கள்.

அனுமதி எடுக்கிறதில் யாருடைய வீதி என்று பார்க்க வேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ், சி, டி தரம் மாகாணத் திணைக்களத்தின் கீழ், ஒழுங்கைகள் பிரதேச சபை அல்லது மாநகர சபையின் கீழ். பொலிஸும் பிரதேச செயலகமும் எப்படியும் வேண்டும். ஒரு இடத்தில் "வாய்ச்சொல் போதும்" என்றார்கள், நாங்களும் நம்பினோம், ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்க அந்த அதிகாரி மாறிப் போய்விட்டார். கடிதம் கையில் இல்லாமல் ஒருவரிடமும் பதிவுக் காசு வாங்காதீர்கள்.

நாள் பார்க்கும்போது மழை, காற்று, சனத்தின் நாட்காட்டி மூன்றும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வேண்டாம். வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று தூக்கி அடிக்கும். கேப் டவுனில் 1978 இலிருந்து நடக்கிற பெரிய ஓட்டத்தையே 2017 இல் காற்றுக்காக அன்றைக்கே நிற்பாட்டினார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிஞ்சுவது மாசி, பங்குனி. அதற்குள் சிவராத்திரி, கச்சதீவுப் பெருநாள், வடக்கின் பெரும் போர் கிரிக்கெட், பரீட்சை, முகூர்த்த நாள். ஞாயிறு என்றால் பூசையும் ரியூசனும்.

பிறகு படலை படலையாய்ப் போங்கள். முகநூலில் போட்டால் போதும் என்று பொடியள் சொல்வார்கள், போதாது. விதானையாரிடமும் (கிராம அலுவலர்), கோயில், தேவாலய நிர்வாகத்திடமும், முக்கியமாய்ச் சனசமூக நிலையத்திடமும் நேரே போய்ப் பேசுங்கள். சந்திக்குக் காவல் நிற்க அந்த ஊர்ப் பிள்ளைகளையே கேளுங்கள். வேறு ஊர்ப் பொடியன் விசில் ஊதி மறித்தால் சண்டை வரும், "இவன் எங்கட கந்தையற்ற பேரன்" என்றால் வராது. நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் கோயிலைச் சுற்றி வீதி பூட்டுகிறார்கள், ஏன் பொறுக்கிறது சனம்? அது தங்களுடைய திருவிழா. அதில் ஒரு சொட்டாவது எங்கள் ஓட்டத்துக்கு வர வேண்டுமென்றால், தண்ணீர்ப்பந்தல் அந்த ஊரவர் போடட்டும், பதிவுக் காசில் ஒரு பங்கு அந்த ஊர் வாசிகசாலைக்குப் போகட்டும், பெரிய ஓட்டத்துக்கு முன் அரை மணித்தியாலம் அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகள் வெறும் வீதியில் ஓடித் திரியட்டும்.

எப்போதும் திறக்க வேண்டிய மூன்று: 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ், செத்தவீடு, பொம்பிளை மாப்பிள்ளை வண்டி. இதைக் காவல் நிற்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுங்கள், யாரிடமும் கேட்கத் தேவையில்லை, மறித்துச் சைக்கிளை நிற்பாட்டு, வண்டியை விடு என்று. எங்கள் பொடியன் ஒருவன் போன முறை "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனை எடுத்துக் கொண்டு நின்றான். பிழை அவனுடையது இல்லை, நாங்கள் சொல்லவில்லை.

கடைசியாய், முடிவுக்கு ஒரு திகதி வையுங்கள். இழுத்துக் கொண்டே போனால் வெளிநாட்டில் இருந்து ரிக்கற் போட்டு வருகிறவர்களும் ஏமாந்து, அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள். எங்களுடைய திகதி தை மாதக் கடைசி. அதற்குள் கடிதம் வராவிட்டால் வீதி பூட்டுகிற கதை இந்த வருடம் இல்லை, பத்துப் பத்துப் பேராய்ப் பிரிந்து விடியக் கீரிமலைக்கு ஓடிப் போய்க் கேணியில் குளித்துவிட்டு வருவோம். அந்தப் பொடியனுக்கும் இதைத்தான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணை, பின் ரயரையும் ஒருக்கால் பாருங்கோ" என்றான்.