மேசையில் அடி வாங்கும், தரையில் வாங்காது: ஆர்சி டாங்கிப் போர் சர்க்யூட்டில் நடக்கும் தவறுகள்

ஆர்சி டாங்கிகளுக்கு, அதாவது ரிமோட்டில் ஓடும் மாதிரி டாங்கிகளுக்கு, ஒன்றையொன்று ஒளியால் சுட்டு விளையாட அகச்சிவப்புப் போர் சர்க்யூட் கட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "மேசை மேல் வைத்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. தரையில் இறக்கி ஓட்டினால் அடி வாங்கவே மாட்டேன் என்கிறது." உடனே கோடிங்கைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. மேசையில் மோட்டார் ஓடவில்லை, பேட்டரி இறங்கவில்லை, வெளிச்சம் ஒரே சீராக இருந்தது. தரையில் இந்த மூன்றும் மாறிவிடுகின்றன.

அடிப்படை எளிமையானதுதான். பீரங்கிக் குழலிலோ அதன் பக்கத்திலோ ஒரு அகச்சிவப்பு எல்இடி. அது நொடிக்கு 38,000 முறை அணைந்து எரிந்து ஒரு குறியீட்டை அனுப்பும். எதிரி டாங்கியின் மேலே இருக்கும் ரிசீவர் அந்தக் குறியீட்டைப் படித்து "அடி விழுந்தது" என்று கணக்கு வைக்கும். டமியா நிறுவனத்தின் 1/16 அளவு (அசலில் பதினாறில் ஒரு பங்கு) டாங்கிகளில் இலகு ரகம் 3 அடியில் சாகும், நடுத்தர ரகம் 6 அடியில், கனரகம் 9 அடியில். கனரக டாங்கிக்கு உயிர் அதிகம். ஆனால் ஒருமுறை சுட்டபின் மறுபடி சுட 9 நொடி காத்திருக்க வேண்டும்.

முதலில் குறியீட்டை முடிவு செய்யுங்கள். டமியாவின் குறியீடு வேறு, இன்னொரு டாங்கித் தயாரிப்பாளரான ஹெங் லாங்கினுடையது வேறு. "இரண்டும் அகச்சிவப்புதானே" என்று கட்டி முடித்துவிட்டு, நண்பரின் டாங்கியை எவ்வளவு சுட்டாலும் அது அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. யாரோடு விளையாடப் போகிறோம் என்று தெரிந்த பிறகே சால்டரிங் அயர்னைச் சூடேற்ற வேண்டும்.

அடுத்து ரிசீவர். கடையில் டிஎஸ்ஓபி (இந்த அகச்சிவப்பு ரிசீவர் வகையின் பெயர்) என்று கேட்டால் 1738 கிடைக்கலாம், 38238-உம் கிடைக்கலாம். இரண்டுக்கும் மூன்று கால், இரண்டும் கறுப்பு, வேலையும் ஒன்றே. கால்களின் வரிசை மட்டும் வேறு. 1738-இல் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் கால் கிரவுண்ட், இரண்டாவது சப்ளை, மூன்றாவது அவுட்புட். 38238-இல் முதல் கால் அவுட்புட், நடுவில் கிரவுண்ட், கடைசியில் சப்ளை. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்து மாற்றி இணைத்தால் ரிசீவர் சூடாகிச் செத்துப்போகும். வாங்கிய எண்ணுக்கு உரிய டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளரின் விவரத்தாளைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

இன்னொரு குழப்பம்: ரிசீவருக்குப் பதிலாக, எல்இடி மாதிரியே இருக்கும் கறுப்பு ஃபோட்டோ டிரான்சிஸ்டரை வாங்கி வருவது. அதற்கு 38 கிலோஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 38,000 துடிப்பைப் பிரித்தெடுக்கத் தெரியாது. கிட்டத்தில் ஏதோ செய்யும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அறை வெளிச்சமும் எதிரி சுட்ட ஒளியும் அதற்கு ஒன்றாகிவிடும்.

எல்இடியை மைக்ரோகண்ட்ரோலர் (நிரலை ஓட்டும் சிப்) காலிலிருந்து நேரடியாக எரிப்பது பரவலான தவறு. ஆர்டுயினோ உனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் ஒரு காலிலிருந்து 20 மில்லிஆம்ப் எடுப்பது நியாயம், 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. தூரம் போக வேண்டுமென்றால் 100 மில்லிஆம்ப் வேண்டும். அதற்கு நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போட்டாக வேண்டும். கையில் இருக்கிறதே என்று பிசி 547-ஐப் போடாதீர்கள், அதன் உச்ச வரம்பே 100 மில்லிஆம்ப்தான். பிசி 337 நிம்மதி. ரெசிஸ்டர் கணக்கு இப்படி: 5 வோல்ட்டில் எல்இடிக்கு ஏறக்குறைய 1.35 போகும், டிரான்சிஸ்டருக்கு 0.2 போகும். மீதி 3.45. அதை 0.1 ஆம்பால் வகுத்தால் 34.5 ஓம். கடையில் கிடைப்பது 33, அதையே போடலாம். டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (அதைத் திறந்து மூடும் கால்) 470 ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். இந்த 10 கிலோவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் போர்டு விழித்தெழும் கணத்தில் கால் அந்தரத்தில் நிற்கும், எல்இடி சும்மா எரிய வாய்ப்பு உண்டு.

சோதிக்கும்போது நடக்கும் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். எல்இடியை விடாமல் 38 கிலோஹெர்ட்ஸில் எரியவிட்டு ரிசீவரைப் பார்ப்பார்கள். ரிசீவர் ஒரு கணம் பதில் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். "போயிடுச்சு" என்று கழற்றி எறிவார்கள். பாவம், அது நல்லாத்தான் இருக்கிறது. விடாமல் வரும் துடிப்பை இரைச்சல் என்று ஒதுக்கித் தள்ளும்படிதான் இந்த வகை ரிசீவர்களைச் செய்திருக்கிறார்கள். துண்டு துண்டாக, நடுவில் இடைவெளி விட்டு அனுப்பினால்தான் அது மதிக்கும். அவுட்புட் தலைகீழ் என்பதும் நினைவிருக்கட்டும்: சும்மா இருக்கும்போது 5 வோல்ட், அகச்சிவப்பு வரும்போது பூஜ்யம்.

மோட்டாரும் பேட்டரியும்

தரையில் அடி வாங்காததற்கு முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். 1/16 டாங்கியில் வழக்கமாக இரண்டு 380 ரக மோட்டார்கள். அவற்றின் பிரஷ்கள் உரசும்போது எழும் பொறி, வயர் முழுக்க இரைச்சலைக் கொட்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் மூன்று வேண்டும்: இரண்டு முனைகளுக்கும் இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒன்று. உடலில் ஈயம் ஒட்டாது என்று அந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். அரத்தால் பளபளப்பு வரும்வரை சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, பெரிய முனை உள்ள அயர்னால் சட்டென்று தொட்டு எடுத்தால் ஒட்டும். சின்ன முனையை வைத்து அரை நிமிடம் தேய்த்தால் ஈயமும் ஒட்டாது, பின்னால் உள்ள பிளாஸ்டிக் மூடியும் உருகும்.

ரிசீவர் பக்கத்திலும் வடிகட்டி வேண்டும். சப்ளை வயரில் தொடராக 100 ஓம், ரிசீவரின் காலுக்கு மிக அருகில் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 4.7 மைக்ரோஃபாரட். போர்டில் எங்கோ ஒரு மூலையில் வைத்தால் பலன் இல்லை.

அப்புறம் 7805. இந்த ரெகுலேட்டர் 5 வோல்ட் தர, உள்ளே 7-க்குக் குறையாமல் வர வேண்டும். 7.2 அல்லது 7.4 வோல்ட் பேட்டரி பாதி தீர்ந்த நிலையில், கம்பளத்தின் மேல் டாங்கி திரும்பும்போது, மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேட்டரி 6.2 வரை இறங்குகிறது என்று வையுங்கள். வெளியே வருவது 4.3 போல. ஆர்டுயினோ அதிலும் ஓடிக்கொண்டிருக்கும். 1738 ரிசீவருக்கோ குறைந்தபட்சம் 4.5 வேண்டும். ஆக டாங்கி ஓடுகிறது, சுடுகிறது, ஆனால் அடி மட்டும் வாங்கவில்லை. எதிரில் இருப்பவர் "ஏமாத்துறியா?" என்று கேட்பார். குறைந்த இழப்பில் ஓடும் ரெகுலேட்டரோ, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலரிலிருந்து வரும் 5 வோல்ட்டோ இதற்குத் தீர்வு. ரிசீவரை 2.5 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் 38238-க்கு மாற்றுவதும் நல்ல யோசனை.

சால்டரிங்

இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் சுருக்கமாக. 60/40 ஈயம், அயர்ன் 330, 350 டிகிரி, ஒரு இணைப்புக்கு இரண்டு மூன்று நொடி. ரிசீவர் தாங்குவது 260 டிகிரியில் 10 நொடிதான், அதனால் ரிசீவரின் காலை முதலைக் கிளிப்பால் பிடித்துக்கொண்டு ஈயம் வையுங்கள். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு நன்றாக ஒட்டும், சில மாதத்தில் கால் பச்சை பூத்து அரித்திருக்கும்.

டாங்கிக்கே உரிய பிரச்சினை டரட், அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி. அது சுற்றச் சுற்ற வயர் மடங்கி மடங்கி நிமிரும். ஈயம் உறைக்குள் ஏறி வயரைக் கம்பிபோல விறைப்பாக்கியிருந்தால், அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் வயர் அறும். வெளியே உறை முழுசாகத் தெரியும், உள்ளே இழைகள் போயிருக்கும். அதனால் மெல்லிய, நிறைய இழை உள்ள சிலிக்கோன் வயர் போடுங்கள். இணைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி வயரை உடலோடு கட்டுங்கள், அசைவு இணைப்புவரை வராது. டரட் முழுவட்டம் சுற்றுமென்றால் வயர் முறுக்காமல் சுழன்றபடியே மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங்தான் வழி.

தன்னையே சுட்டுக்கொள்ளும் டாங்கி

சுடும்போதெல்லாம் தனக்கே அடி விழுகிறதா? எல்இடியின் ஒளி முன்னால் மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் பின்னாலும் கசியும். கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ரிசீவரின் உடலே கறுப்புதான், அதற்குள்தான் அகச்சிவப்பு தாராளமாகப் போகிறது. நம் கண்ணுக்கு இருட்டாக இருப்பது அகச்சிவப்புக்கு ஜன்னல் கண்ணாடியாக இருக்கலாம். பித்தளைக் குழாயில் எல்இடியைச் செருகி, பின்பக்கத்தை அலுமினிய டேப்பால் மூடினால் கசிவு நிற்கும். டேப்பும் குழாயும் கால்களைத் தொடாமல் உறை போடுங்கள், இரண்டுமே மின்சாரம் கடத்தும். சூப்பர் குளூ ஊற்றி எல்இடியை ஒட்டாதீர்கள், ஆவி படிந்து லென்ஸ் வெளுத்துவிடும்.

கசிவைப் பார்க்கச் செல்போனின் முன் கேமரா போதும். பல போன்களில் பின் கேமராவில் அகச்சிவப்பு வடிகட்டி பலமாக இருப்பதால் அதை நம்ப வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு டரட்டைச் சுற்றிலும் பாருங்கள், ஊதா நிறத்தில் எங்கே மின்னுகிறதோ அங்கே ஓட்டை. அதையும் அடைத்த பிறகு தனக்கே அடி விழுந்தால், ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று பொருள். சுடும் அந்த அரை நொடிக்கு ரிசீவரைக் கவனிக்காமல் இருக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தால் அதுவும் தீரும்.