புதுக் கணப்பு புகைகிறதா? அடுப்பைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், மலைச்சரிவில் வரிசையாகக் கட்டிய விக்டோரியா காலத்து வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. குளிர்காலம் தொடங்கும் முன் கூடத்தில் விறகுக் கணப்பு வைத்தோம். இங்கே எல்லோரும் லாக் பர்னர் என்று சொல்லும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்புதான். முதல் வாரமே வீடு முழுக்கப் புகை. விறகு போடக் கதவைத் திறந்தால் முகத்தில் அடித்தது. திரைச்சீலையிலும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையிலும் நாற்றம் ஏறியது. பொருத்தியவர் மீது கோபம் வந்தது. அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தோம். நல்லவேளையாகக் கொடுக்கவில்லை. அடுப்பில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு தெரிந்தவர்கள் சிலர் இதே சிக்கலோடு கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் கோளாறு அடுப்புக்கு வெளியேதான் இருந்தது.

அடுப்பு புகையை மேலே தள்ளுவதில்லை. சூடான காற்று இலேசாகி எழுகிறது. அந்த எழுச்சிதான் புகையை இழுத்துக்கொண்டு போகிறது. மேலே போன காற்றுக்கு ஈடாக அறைக்குள் புதுக் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான கணப்புகளுக்குத் தேவையான இழுப்பு சுமார் 12 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெல்லிய விசையை ஒரு மின்விசிறியோ குளிர்ந்த குழாயோ எளிதில் தோற்கடித்துவிடும். ஆகவே அடுப்பு, புகைபோக்கி, விறகு, வீடு நான்கையும் ஒரே இயந்திரமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

எது புகை, எது புதுப் பெயின்ட்?

முதல் சில முறை மூட்டும்போது அடுப்பின் மேற்பூச்சு சூட்டில் இறுகும். அப்போது காரமான நெடியும் மெல்லிய நீலப் புகையும் இரும்பின் மேற்பரப்பிலிருந்தே கிளம்பும். அது கோளாறு அல்ல. ஜன்னலைத் திறந்து வைத்து, சின்னச் சின்னதாக மூன்று நான்கு முறை மூட்டினால் அடங்கிவிடும். முதல் நாளே அடுப்பை நிறைத்துக் கொழுந்துவிட்டு எரியவிடுவது தவறு. பூச்சும் கெடும், இணைப்புகளில் பூசிய நெருப்புச் சிமென்டும் காயும் முன்னே விரிசல் விடும். கதவு ஓரத்திலிருந்தோ குழாய் இணைப்பிலிருந்தோ வரும் புகையைப் பெயின்ட் நெடி என்று விட்டுவிடக் கூடாது.

நாம் மூட்டும் விதம்

ஊரில் சுள்ளியைக் கீழே வைத்து, விறகை மேலே அடுக்கி, ஊதுகுழலால் ஊதிப் பழகிய கைகள் நம்முடையவை. மூடிய கணப்பில் அந்தப் பழக்கமே புகையை வரவழைக்கும். கீழே இருக்கும் தீ, மேலே இருக்கும் குளிர்ந்த விறகைச் சூடாக்கிப் புகைய வைக்கிறது. புகைபோக்கியோ இன்னும் குளிர்ந்து கிடக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிய புகைபோக்கி என்றால் உள்ளே இருக்கும் குளிர்காற்று ஒரு தக்கை போல அடைத்துக்கொள்ளும். புகை போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பும்.

அதைத் தலைகீழாக்குங்கள். பிளந்த விறகு இரண்டைக் கீழே வையுங்கள். அதன் மேல் சிறாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் தீமூட்டி வில்லை ஒன்றை வைத்துப் பற்றவையுங்கள். தீ மேலே இருப்பதால் குழாய் முதலில் சூடாகும். கீழிருந்து வரும் விறகுப் புகையும் அந்தத் தீ வழியாகவே போவதால் எரிந்துவிடும். முதல் சில நிமிடம் காற்றுத் துவாரங்களை முழுக்கத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, பக்கத்திலேயே இருங்கள்.

பிறகு விறகு சேர்க்கும்போது கதவைச் சட்டென்று இழுக்காதீர்கள். காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து சில நொடி பொறுத்து, மெதுவாக முழுக்கத் திறங்கள். கொழுந்து அடங்கித் தணலாக இருக்கும் நேரமே விறகு போட நல்ல நேரம்.

சமையலறை மின்விசிறி

எங்கள் வீட்டுப் புகைக்கு முதல் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது ஓர் ஊதுபத்தி. ஒரு மாலை, அடுப்பு மூட்டும் முன் ஊதுபத்தியைக் கொளுத்தி, திறந்த அடுப்பு வாயில் பிடித்தேன். புகை உள்ளே போகாமல் என் பக்கமாகச் சாய்ந்து கூடத்துக்குள் வந்தது. சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தார்கள், மிளகாய் நெடி போக எக்சாஸ்ட் விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். ஊதுபத்திப் புகை ஒரு கணம் நேராக நின்றது, பிறகு மெல்ல வளைந்து அடுப்புக்குள் நுழைந்தது. விசிறி வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடான காற்று எங்கள் புகைபோக்கி வழியாகத்தான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் நாங்கள் கணப்பு மூட்டும் நேரமும் இரவுச் சமையல் நேரமும் ஒன்றுதான்!

நம் சமையலுக்கு வேகமான விசிறி தேவை. ஆனால் அதோடு சேர்த்துக் கணப்பு வைக்கும் வீட்டில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள்: கதவு ஜன்னல்களை மூடி, வீட்டில் உள்ள எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, அடுப்பு வாயில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். குளியலறை விசிறியும், துணி உலர்த்தும் இயந்திரமும்கூட இதில் சேரும். மாடி ஜன்னலோ பரண் கதவோ திறந்திருந்தால் வீடே ஒரு பெரிய புகைபோக்கி ஆகி, அடுப்பின் சின்னப் புகைபோக்கியைத் தோற்கடித்துவிடும். கூடத்து ஜன்னலைச் சற்றுத் திறந்ததும் புகை நின்றுவிட்டால், வீட்டுக்குக் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம்.

இங்கிலாந்துக் கட்டட விதிகளில் இதற்குக் கணக்கு உண்டு. காற்றுக் கசிவு உள்ள பழைய வீட்டில் 5 கிலோவாட் வரை வெப்பம் தரும் அடுப்புக்குத் தனித் துவாரம் கட்டாயமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தரத் திறப்பு வேண்டும். 8 கிலோவாட் அடுப்புக்கு 1,650 வரும். காற்றுப் புகாமல் கட்டிய புது வீட்டில் முதல் கிலோவாட்டிலிருந்தே கணக்குத் தொடங்குவதால் அதே அடுப்புக்கு 4,400 ஆகிவிடும். குளிர் வருகிறதே என்று அந்தத் துவாரத்தில் துணியை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஈர விறகு

எங்கள் வீட்டின் இரண்டாவது காரணம் விறகு. மலிவாகக் கிடைத்ததை மூட்டையாக வாங்கியிருந்தோம். எரியும்போது விறகின் நுனியில் நுரை கட்டி, சீறல் சத்தம் வந்தது. அது உள்ளே இருக்கும் தண்ணீர். தீயின் சூடெல்லாம் அதை ஆவியாக்கப் போய்விட, குழாய் சூடாவதில்லை, இழுப்பு வருவதில்லை, கண்ணாடி கறுக்கிறது, குழாயின் உட்புறத்தில் கீல், அதாவது தார் போன்ற கறுப்புப் படிவு, படிகிறது.

விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'ரெடி டு பர்ன்' முத்திரை அதற்கான அடையாளம். ஈரப்பதமானி வாங்குபவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: விறகின் வெளிப்பக்கத்தில் குத்தி அளக்கிறார்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்தே இருக்கும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தின் நடுவில் அளக்க வேண்டும். தோட்டத்தில் வெட்டிய மரத்தை அந்தக் குளிர்காலத்திலேயே எரிக்க முடியாது. பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட்டம் விட்டு ஓராண்டுக்கு மேல் காயவிட வேண்டும். ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டு. நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாளால் மூடினால் விறகு காயாது, பூஞ்சைதான் பிடிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய அடுப்பை வாங்குவது. 5 கிலோவாட் போதுமான இடத்தில் 8 வைத்தால் வெக்கை தாங்காமல் காற்றை அடைக்கத் தொடங்குவோம். விறகு எரியாமல் புகையும். விடியும் வரை தணல் இருக்கட்டும் என்று இரவில் காற்றை முழுக்க மூடுவதும் இதே விளைவைத் தரும். படியும் கீல் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம்.

கூரைக்கு மேலே

வீட்டையும் விறகையும் சரிசெய்த பிறகும் புகைந்தால்தான் பொருத்திய வேலையைச் சந்தேகிக்க வேண்டும். அடுப்பின் உள்ளே உச்சியில் இருக்கும் தடுப்புத் தகடு இடம் மாறியிருக்கலாம். புதிதாகப் பொருத்தியபோதோ, புகைபோக்கியைச் சுத்தம் செய்தபோதோ சரியாக உட்காராமல் புகை வழியை அது பாதி அடைத்திருப்பதுண்டு. அடுப்பு ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுப்பின் மேலிருந்து குழாய் முனை வரை குறைந்தது 4.5 மீட்டர் உயரம் பொதுவாக வேண்டும். வளைவுகள் 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. கூரை முகட்டுக்குப் பக்கத்தில் முடியும் குழாய் அதைவிட 600 மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து காற்று அடிக்கும் நாளில் மட்டும் புகைந்தால், மேடோ மரமோ பக்கத்து உயரமான கூரையோ காற்றைக் குழாய்க்குள் அமுக்குகிறது என்று பொருள். எங்களைப் போல மலைச்சரிவில் இருப்பவர்களுக்கு இது வரும். இரண்டு வாரம் தேதியும் காற்றின் திசையும் குறித்து வையுங்கள். வந்து பார்ப்பவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. குழாய் முனையில் காற்றைத் தடுக்கும் தொப்பி போட்டால் இந்த ஒரு சிக்கல் தீரும். குட்டையான குழாய்க்கோ ஈர விறகுக்கோ அது மருந்தாகாது. எதற்கெடுத்தாலும் தொப்பியை மாற்றுவது வீண் செலவு.

பழைய புகைபோக்கியில் லைனர் குழாய் இறக்காமல் கணப்பு வைத்த வீடுகளில் அதிகக் கவனம் தேவை. அகலமான செங்கல் வழியில் புகை குளிர்ந்து தேங்கும். நூறு ஆண்டு பழைய சாந்தின் விரிசல் வழியே மாடிப் படுக்கையறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ கசியும். புகை மாத்திரை கொளுத்திச் சோதிக்கும்போது ஒருவர் மாடியிலும் பரணிலும் நின்று பார்க்க வேண்டும். ஒட்டுவீடு என்றால் அண்டை வீட்டாரிடமும் கேளுங்கள்.

பொருத்தியவர் ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவு பெற்றவரா, சான்றிதழ் தந்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளூராட்சியின் கட்டட ஆய்வுப் பிரிவு அந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். வசந்தத்தில் ஜாக்டா என்னும் சிறு காக்கை குழாய் நிறையக் குச்சி போட்டுக் கூடு கட்டும். கோடை முழுக்கச் சும்மா இருந்த அடுப்பு இலையுதிர் காலத்தில் திடீரென்று புகைந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் புகைக்கும் சட்டம் இருக்கிறது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்பனி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதையடுத்து 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் புகைபோக்கி புகைந்தால் இன்று 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

கடைசியாகச் சொன்னாலும் இதை முதலில் செய்யுங்கள். அறைக்குள் புகை வருகிறது என்றால் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் கூடவே வருகிறது. அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள், உயரத்தில், அதற்கான அலாரம் இருக்க வேண்டும். அடிக்கடி அலறுகிறது என்று பேட்டரியைக் கழற்றாதீர்கள். அலறினால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். தலைவலியோ குமட்டலோ மயக்கமோ இருந்தால் 999ஐ அழையுங்கள். தகுதியுள்ளவர் வந்து பார்க்கும் வரை மீண்டும் மூட்ட வேண்டாம். கொழுந்து அடங்கி, புகை நின்று, தணல் மட்டும் சிவந்து கிடக்கும் நேரத்திலும் இந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். படுக்கப் போகும் முன் காற்றுத் துவாரத்தில் துணி எதுவும் அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.