செரட்டோனின் ரிப்போட் கையில் இருந்தால்: ஓட்டிசம் சந்தேகமுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு

பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் சொல் வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று கலங்கி நிற்கும் தாய் தகப்பனிடம், "செரட்டோனினை ஒருக்காச் செக் பண்ணிப் பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். செரட்டோனின் என்பது உடலிலும் மூளையிலும் செய்தி கடத்த உதவும் ஒரு இரசாயனம். காசு கட்டி இரத்தம் கொடுக்கிறார்கள். ரிப்போட் வரும்போது எண்ணுக்குப் பக்கத்தில் "உயர்வு" என்று அச்சாகியிருந்தால் வீடே இடிந்துபோகிறது. அந்தத் தாளை வைத்து ஓட்டிசம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. எண் சாதாரணமாக வந்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

செரட்டோனினுக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 1961 இல் ஷெய்ன், ஃபிரீட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளின் இரத்தத்தில் செரட்டோனின் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளிலும், ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, சிலவற்றில் மூன்றில் ஒருவருக்கு, அளவு உயர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு உயரவில்லை. ஓட்டிசம் இல்லாத சகோதரர்களிலும் பெற்றோரிலும்கூடச் சிலருக்கு உயர்ந்திருந்தது.

இதைக் கணக்காகப் போட்டால் தெளிவாகும். நூறு பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று வைப்போம். ஆயிரம் பிள்ளைகளில் 10 பேர்; அவர்களில் 3 பேருக்கு எண் உயரும். மீதி 990 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு உயர்வு என்று வைத்தாலும் 50 பேர் வருகிறார்கள். ஆக "உயர்வு" என்று ரிப்போட் வாங்கிய 53 பேரில் 50 பேருக்கு ஓட்டிசம் இல்லை. ஓட்டிசம் உள்ள 7 பேர் சாதாரண எண்ணோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஏழு பேரை நினைத்துத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

அந்த எண் மூளையைப் பற்றியதும் அல்ல. உடலின் செரட்டோனினில் பெரும்பங்கு, சுமார் 90 சதவீதம், குடலில் உண்டாகிறது. இரத்தத்துக்குள் வருவதை, இரத்தம் உறைய உதவும் சின்னக் கலங்களான பிளேட்லெட்டுகள் உறிஞ்சித் தமக்குள் சேர்த்துவைக்கின்றன. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இரத்தத்திலுள்ளது மூளைக்குள் நுழையாதபடி இரத்த மூளைத் தடுப்பு நிற்கிறது.

எண்ணை வாசிப்பது

முதலில் எதில் அளந்தார்கள் என்று பாருங்கள்: முழு இரத்தமா, சீரமா (இரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்), பிளாஸ்மாவா (உறையாத இரத்தத்திலிருந்து கலங்களைப் பிரித்த நீர்)? ஓட்டிசம் ஆய்வுகள் பெரும்பாலும் முழு இரத்தத்தில் அல்லது பிளேட்லெட்டில் அளந்தவை. பிளேட்லெட் நீக்கிய பிளாஸ்மாவில் மிகச் சொற்பமே இருக்கும். ஒன்றை மற்றதோடு ஒப்பிடக் கூடாது.

அடுத்தது அலகு. சில லேப் நனோகிராம்/மில்லிலீற்றர் என்று தரும், சில மைக்ரோமோல்/லீற்றர் என்று தரும். மைக்ரோமோலை 176 ஆல் பெருக்கினால் நனோகிராம் கிடைக்கும்: 1.6 என்றால் சுமார் 282. சாதாரண அளவின் எல்லை லேப்புக்கு லேப் மாறும், வயதோடும் மாறும். பருவமடைந்த பின் அளவு குறையும். பெரியவர்களுக்கான எல்லையை வைத்துச் சின்னப் பிள்ளைக்கு "உயர்வு" என்று அச்சடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பலர் தவறவிடுவது பிளேட்லெட் எண்ணிக்கை. செரட்டோனின் கிட்டத்தட்ட முழுவதும் பிளேட்லெட்டுக்குள் இருப்பதால், பிளேட்லெட் கூடினால் எண்ணும் கூடும். இரண்டு பிள்ளைகளுக்கும் 250 நனோகிராம் என்று வைப்போம். ஒருவருக்குப் பிளேட்லெட் 2,50,000, மற்றவருக்கு 5,00,000. இரண்டாவது பிள்ளையின் ஒவ்வொரு பிளேட்லெட்டிலும் இருப்பது முதல் பிள்ளையினதில் பாதிதான். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்குப் பிளேட்லெட் ஏறுவது வழக்கம். டெங்கு வந்தால் விழும். மட்டக்களப்பில் மழைக்காலத்தில் டெங்கோ வேறு காய்ச்சலோ வந்த பிள்ளைக்கு, சுகமாகிச் சில வாரங்கள் போகும்வரை இந்தப் பரிசோதனையை எடுப்பதில் பிரயோசனம் இல்லை. எடுத்தே ஆகவேண்டும் என்றால் அதே குத்தில் முழு இரத்தக் கலங்களின் எண்ணிக்கையையும், உடலில் சேமித்துள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் குறைவென்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. மண் தின்பது, இரவில் கால் உதைத்துத் தூங்காமல் கிடப்பது போன்றவற்றுக்கு அந்தக் குறைவு காரணமாக இருக்கலாம்.

மாதிரியைக் கையாளுவதிலும் பிழை வரும். இரத்தம் எடுத்த குழாயை அதிரக் குலுக்கினால் பிளேட்லெட் உடைந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டும். பிளாஸ்மா பரிசோதனை என்றால் அதோடு எண் துள்ளிவிடும். வெயிலில் கிடந்தால் செரட்டோனின் சிதையும். மட்டக்களப்பில் எடுத்த இரத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கொழும்புக்குப் போகும் என்றால், ஐஸில் வைத்து, லேப் கேட்டால் உறையவைத்து அனுப்புகிறார்களா என்று கையில் குத்துவதற்கு முன்பே கேளுங்கள்.

மருந்தும் சாப்பாடும்

பிள்ளை ஃபுளூவொக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்து குடித்தால் எண் கீழே விழும். அந்த மருந்து பிளேட்லெட் செரட்டோனினை உறிஞ்சும் வாசலை அடைத்துவிடுகிறது. பரிசோதனைக்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

எண்ணைக் குறைத்தால் பிள்ளை சரியாகிவிடும் என்று நம்பிய காலமும் இருந்தது. 1980களில் ஃபென்ஃபுளூரமைன் என்ற, பசியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அளவு குறைந்தது, பிள்ளைகளின் பேச்சிலும் பழக்கத்திலும் நிலையான முன்னேற்றம் வரவில்லை. இதய வால்வைப் பழுதாக்குவது தெரிந்ததும் 1997 இல் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2009 இல் 149 பிள்ளைகளிடம், ஃபுளூவொக்செட்டின் வகையைச் சேர்ந்த சிட்டலோபிராம் சோதிக்கப்பட்டது. திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களில் மருந்தில்லாத வெறும் குளிசையைவிடப் பலன் இல்லை.

"மூளைக்குச் செரட்டோனின் கூட்டும்" என்று விற்கும் 5-எச்டிபி (உடல் செரட்டோனினாக மாற்றும் ஒரு பொருள்) குளிசைகளை வாங்காதீர்கள். ஃபுளூவொக்செட்டினோடு சேர்ந்தால் ஆபத்து: நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வயிற்றோட்டம், தசை துடிப்பு. இவற்றைக் கண்டால் குளிசைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

வாழைப்பழம், அன்னாசி, தக்காளி போன்றவற்றில் செரட்டோனின் இருப்பதால் பரிசோதனைக்கு முன் ஒன்றிரண்டு நாள் தவிர்க்கச் சொல்வார்கள். அது பரிசோதனைக்கு மட்டும். சோறும் தயிரும் இதரை வாழைப்பழமும் தவிர வேறொன்றும் தொடாத பிள்ளையிடமிருந்து அந்தப் பழத்தை நிரந்தரமாகப் பறித்தால் பட்டினிதான் மிச்சம்.

எதில் நேரம் போடலாம்

ஓட்டிசத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளையைப் பார்த்துத்தான். 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. 3 முதல் 7 புள்ளி வந்தால் மேலதிகக் கேள்விகள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரடியாக நிபுணரிடம். உங்கள் மிட்வைஃபிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ வளர்ச்சிப் பதிவேட்டைக் காட்டி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அல்லது அம்பாறை பொது வைத்தியசாலையின் பிள்ளைநல நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். காது கேட்கும் பரிசோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது.

போவதற்கு முன் கைபேசியில் இரண்டு வீடியோ எடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். ஒன்றில் பிள்ளை தனியாக விளையாடட்டும். மற்றதில் பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு முன்னால் வந்து ஒரு பொருளை விரலால் காட்டி, பிள்ளை பொருளைப் பார்க்கிறதா, விரலைப் பார்க்கிறதா என்று பதியுங்கள். கிளினிக்கில் அழுது புரளும் பிள்ளையிடம் வைத்தியர் காண முடியாததை அந்த நான்கு நிமிடம் காட்டும். நிபுணரின் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேச்சு சிகிச்சைக்கான பெயர்ப் பதிவை அன்றைக்கே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.